ஐம்பதைத் தாண்டாமல்

ஐம்பது. முள் ஐம்பதைத் தொட்டபடி நிற்க வேண்டும், தாண்டக் கூடாது. முன்னால் போகிற டிராக்டரோ நாற்பத்தைந்துக்கு மேல் போவேனா என்றது, தேங்காய் மட்டையை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி, பேருக்கு ஒரு வலையைப் போட்டுக் கட்டிக்கொண்டு, குழிக்குக் குழி ஒரு மட்டையை ரோட்டில் உருட்டிவிட்டபடி. முந்தலாம். எதிரே வண்டியும் இல்லை. ஆனால் முந்துவதென்றால் அறுபதைத் தொட வேண்டும், அறுபதைத் தொட்டால் டேஷ்போர்டில் மைத்துனன் நந்தகுமார் ஒட்டிவைத்திருக்கும் காகிதத்தின் இரண்டாவது விதி போய்விடும். முதல் விதி ஏசி கூடாது. மூன்றாவது, ஜன்னலை இறக்கக் கூடாது, காற்று உள்ளே வந்தால் வண்டியைப் பின்னால் இழுக்குமாம். நாலாவது, சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கக் கூடாது. இதையெல்லாம் எழுதிய மகராசன் ஈச்சனாரியில் தன் ஷெட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பான். பங்குனி வெயிலில், நாலு கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மட்டை டிராக்டருக்குப் பின்னால் வெந்துகொண்டிருப்பது அவனா? வெள்ளியங்கிரி. ஐம்பத்தேழு வயது, எடையளவு முத்திரை ஆய்வாளர், இந்த ஜில்லாவில் அவர் கை படாத தராசு இல்லை, அவர் ஐந்து லிட்டர் அளவுக் கேனைப் பிடித்துப் பார்க்காத பெட்ரோல் பங்க் இல்லை. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டி, சீட்டோடு ஒட்டி, இனி பிரித்தெடுத்தால் தோலும் சேர்ந்து வரும் போலிருந்தது. பக்கத்தில் மனைவி வசந்தாமணி மடியில் நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, முந்தானையால் விசிறியபடி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பதுதான் ஏசி இல்லாததைவிடப் புழுக்கமாக இருந்தது. பேசினால் தம்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்று தெரிந்து பேசாமல் இருக்கிறாள். அவரும் அப்படித்தான். டிராக்டர் இன்னொரு மட்டையை உதிர்த்தது.

அப்புறம் அந்த விசில். ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு ஸ்ஸ்ய்ங், காலை எடுத்தால் நின்றுவிடும், திரும்ப வைத்தால் திரும்ப ஸ்ஸ்ய்ங். யாரோ பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய்த் துணுக்கை உறிஞ்சி எடுப்பதுபோல. அதுதான் மாமா காத்து சுத்தற சத்தம், என்றான் நந்தகுமார் போன ஞாயிற்றுக்கிழமை, முகமெல்லாம் சிரிப்பாக. ஒரு அலுமினியத் துண்டு. உள்ளங்கை அகலம், விரல் பருமன், நடுவில் வட்டமாக ஓட்டை, ஓட்டையின் உள்சுவரில் திருகு திருகாக வரி. இஞ்சினுக்குக் காற்று போகிற குழாய்க்கும் அதன் வாயில் இருக்கிற மூடிக்கும் நடுவில் இதைச் சொருகிவிட்டால், உள்ளே போகும் காற்று சுழன்றுகொண்டே போகுமாம், சுழன்றால் பெட்ரோலோடு நன்றாகக் கலக்குமாம், கலந்தால் மைலேஜ் கூடுமாம். ஸ்பேசர் என்று பெயர். அவன் பிளேட்டு என்பான், செல்லமாக. எங்கே கலக்கும்? பெட்ரோல் அங்கே இல்லையே, அது இன்னும் ஒரு முழம் தள்ளி, இஞ்சின் வாசலில் அல்லவா பீச்சுகிறது, அதற்குள் சுற்றின காற்று சுற்றின களைப்பில் நேராகிவிடாதா என்று இவர் கேட்டதற்கு அவன் இன்னொரு போல்ட்டை முடுக்கினான். நாலு போல்ட். பழைய போல்ட் நீளம் பத்தாது என்று தானே லேத்தில் நீளமாகக் கடைந்து வைத்திருந்தான். கேஸ்கட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினான், பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துத் துடைத்துப் பொருத்தினான், குழந்தைக்குக் காது குத்துகிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பெருமூச்சு விட்டது. எங்கேயோ காத்து திருட்டுத்தனமா போகுது மாமா, என்று முழுவதையும் கழற்றி இன்னொரு கேஸ்கட் வெட்டினான். அவ்வளவு நேரமும் வெள்ளியங்கிரி டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை சுத்தம், அதில் குற்றம் சொல்ல முடியாது. சுத்தமாகச் செய்த வேலையைப் பார்த்தால் அவருக்கு மறுத்துப் பேச வராது, அதுதான் வினை. வேலை சுத்தமாக இருப்பதற்கும் வேலைக்குப் பலன் இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? எத்தனை தராசைப் பார்த்திருக்கிறார், பித்தளையில் பளபளவென்று, முள் மட்டும் பொய் சொல்லும்.

பொய் சொல்லாத முள்ளும் உண்டு, தப்பாகச் சொல்கிற முள். மாமனார் கடைத் தராசு. இந்த நினைப்பு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே போய்த்தான் முட்டும், முப்பது வருஷமாக. சிங்காநல்லூரில் மளிகைக்கடை, அப்போது அவர் மாமனார் இல்லை, யாரோ ஒரு கடைக்காரர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெள்ளியங்கிரி முத்திரைக் கல்லை வைத்துப் பார்த்தால் கிலோவுக்கு நாற்பது கிராம் வித்தியாசம், அதுவும் வாங்குகிறவன் பக்கம். கடைக்காரர் இத்தனை நாளும் ஊருக்கு நாற்பது நாற்பது கிராமாகக் கூடுதலாய்ப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எச்சாத்தானுங்க போயிருக்குது, நட்டம் எனக்குத்தானே, உட்டுருங்க, என்றார் அவர். விடவில்லை. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு, சட்டத்தில் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வசந்தாமணி படியில் நின்று பார்த்தாள். மூன்று மாதம் கழித்துத் தரகர் ஜாதகத்தோடு போனபோது, அந்தத் தராசு புடிச்ச பையனா, அப்பறம் விசாரிக்கறதுக்கு என்ன இருக்குது, என்று மாமனார் சொன்னாராம். எல்லோரும் சிரித்த கதை. சிரிக்காதவள் ஒருத்திதான். சண்டை வரும்போதெல்லாம், உப்பு கூடினதற்கு வந்தாலும், மாமனார் செத்து எட்டு வருஷம் ஆன பிறகும், எங்கப்பன் தராசயே புடிச்சவருதானே என்று அதில்தான் வந்து நிற்பாள். நேற்று ராத்திரி சாப்பாடு போடும்போது வேறு மாதிரி சொன்னாள். சண்டைக்குரலில் இல்லை, அதனால்தான் அது இன்னும் காதில் நிற்கிறது. "எங்கப்பன் தராசப் புடிச்சீங்க, செரி. என்ற தம்பிய உட்டுருங்க."

விட்டுவிடுவதென்றால் என்ன? நம்பரைச் சொல்லிவிடுவது. சேலத்தில் ஒரு டிராவல்ஸ்காரர், நாற்பது வண்டி. நாளைக் காலையில் வருகிறார். உங்க மாமா முத்திரை ஆபீசராமே, அவர் அளந்து ஒரு நம்பர் சொல்லட்டும், நாற்பது வண்டிக்கும் எடுத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டு நந்தகுமார் ஒரு வருஷமாக இந்தப் பிளேட்டைத்தான் கடைந்துகொண்டிருக்கிறான், ஷெட்டில் அடுக்கடுக்காக இருக்கிறது, பண்டிகைக்கு வாங்கிவைத்து ஏற்றாத அகல்விளக்கு மாதிரி. சேலத்துக்காரர் எடுக்காவிட்டால் ஷெட்டைக் காலி பண்ணிவிட்டுப் பழைய கம்பெனிக்கே போக வேண்டும், அவனிடம் வேலை கற்றவன் இப்போது அங்கே ஃபோர்மேன், அவனுக்குக் கீழே போய் நிற்க வேண்டும். நின்றுவிடுவான், ஆனால் அதற்கப்புறம் நிமிர மாட்டான். இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் இவர் மனசார வேண்டிக்கொண்டது, மைலேஜ் ஏறக் கூடாது என்று. ஏறாவிட்டால் தொல்லையில்லை. இல்லப்பா, ஒண்ணும் வித்தியாசமில்லை என்று சொல்லிவிடலாம், வசந்தாமணி ஒரு மாதம் பேச மாட்டாள், பழகினதுதான். மனிதர் மைத்துனனுக்காக இப்படியா வேண்டிக்கொள்வார் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது, டிராக்டரைப் பார்த்து ஹாரனை அழுத்தினார். ஹாரன் அடிப்பதைப் பற்றிக் காகிதத்தில் ஒன்றும் இல்லை.

கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம் டிராக்டர் ஒரு தோப்புக்குள் திரும்பிப் போனது. ஆறு கிலோமீட்டர், நாற்பத்தைந்தில். "எழுதிக்க," என்றார். வசந்தாமணி எழுதினாள். பொள்ளாச்சி எல்லையில் வண்டியைத் திருப்பும்போது அவளுக்கு இளநீர் வேண்டுமா என்று கேட்க நினைத்து, நிறுத்தினால் கணக்குக் கெடும் என்று கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. திரும்புகிற ரோடு காலியாக இருந்தது, முள் ஐம்பதில் ஆணி அடித்தாற்போல் நின்றது, விசில் விடாமல் ஊதியது. வண்டி நன்றாகத்தான் போகிறது, இவ்வளவு மெதுவாக இவர் என்றைக்கு ஓட்டியிருக்கிறார், கல்யாணத்துக்குப் போனபோதுகூட எண்பது எண்பத்தைந்து, வசந்தாமணியின் சித்திகள் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்து ஏசி பத்தலை பத்தலை என்று, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று. அந்த இடத்தில் நினைப்பு தட்டி நின்றது. எந்தக் கல்யாணம்? பங்குனி முதல் வாரம், பொள்ளாச்சியில், இதே ரோடு. அன்றைக்குத்தான் டாங்க்கை நிரப்பி, போய்வந்து, திரும்ப நிரப்பி, தன் நோட்டில் எழுதினார். எந்தப் பெட்ரோலும் எழுதாமல் போட்டதில்லை, வழக்கம். பதினைந்து புள்ளி எட்டு. பிளேட்டு போடறதுக்கு முன்னாடி எவ்வளவு மாமா என்று நந்தகுமார் கேட்டபோது, நோட்டைப் பிரித்து, விரலை வைத்து, பெருமையாக, பதினஞ்சு புள்ளி எட்டு, என் கணக்கு தப்பாது என்று சொன்னாரே, அந்தப் பதினைந்து புள்ளி எட்டு இதுதான். எண்பதில், ஏசியில், மூன்று சித்திகளோடு. இன்றைக்கு ஐம்பதில், ஏசி இல்லாமல், சித்திகள் இல்லாமல். பிளேட்டு என்ன பிளேட்டு, ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாலும் இன்றைக்கு மைலேஜ் ஏறியிருக்கும். அளந்தது ஒவ்வொன்றும் சரி, இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் தப்பு, வைத்தவன் இவன். முப்பது வருஷம் அடுத்தவன் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவன். காது மடல் சூடாகியது. வெயிலால் இல்லை. நந்தகுமாரைத் திட்டலாம் என்று பார்த்தால் அவன் என்ன செய்தான், கேட்டான், இவர் சொன்னார், அவன் நம்பினான். அவன் நம்புவதுதானே இவருக்கு எப்போதும் பிடிக்காது.

ஈச்சனாரி பங்க்கில் காலையில் நிரப்பிய அதே பம்ப், அதே இடம், முன்சக்கரத்துக்கு நேரே சாக்பீஸ் கோடு கிழித்துவைத்திருந்தார், அதே கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்ரோல் போடுகிற பெண் அதே பெண். பம்ப் தானாக நின்றதும், "ரவுண்டா போட்டுர்லாங்களா சார்?" என்றாள். வேண்டாம் என்றார். காலையிலும் வேண்டாம் என்று சொன்னவர்தான் என்று அடையாளம் தெரிந்து அவள் பக்கத்துப் பம்ப்புக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று புள்ளி இருபத்தொன்று லிட்டர். ஓடினது அறுபத்தொன்று புள்ளி ஆறு. வசந்தாமணி செல்போனில் வகுத்தாள், நம்பாமல் இன்னொரு தடவை வகுத்தாள், அவர் மனசுக்குள் ஏற்கெனவே வகுத்து முடித்திருந்தார். பத்தொன்பது புள்ளி ஒன்று ஒன்பது. பதினைந்தெங்கே, பத்தொன்பதெங்கே. அவர் வேண்டிக்கொண்டதைக் கடவுள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம்பர் நிஜம். யாரும் ரவுண்ட் பண்ணவில்லை, யாரும் கை வைக்கவில்லை. சொன்னால் பொய் சொன்னதாக ஆகாது. பத்தொன்பது புள்ளி ஒன்று ஒன்பது என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் வீட்டில் சோறு, சேலத்தில் நாற்பது வண்டி, மைத்துனன் நிமிர்ந்து நிற்பான், வெள்ளியங்கிரி ஒரு வார்த்தைகூட தப்பாகச் சொன்னதாக எந்தச் சட்டத்திலும் வராது. இப்படி ஒரு எரிச்சல் வாழ்க்கையில் வந்ததில்லை. கள்ளத் தராசைப் பிடிக்கலாம். சரியான நம்பரை என்ன செய்வது. வண்டியைக் காற்றுப் பிடிக்கிற இடத்துக்குப் பக்கம் வேப்பமர நிழலில் ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். செல்போன் அடித்தது. நந்தகுமார். வசந்தாமணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, எவ்வளவுங்?"

வசந்தாமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொம்பது புள்ளி ஒண்ணு ஒம்பது," என்றார் கடைசியில்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறான் தடியன். நாற்பத்தாறு வயதில்.

"இருப்பா, முழுசாக் கேளு. நான் முன்னாடி சொன்ன பதினஞ்சு புள்ளி எட்டு இருக்குதே, அது..." அதற்கு மேல் வரவில்லை. தன் கணக்குத் தப்பு என்று சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

"அது நம்ம சுந்தரி மக கல்யாணத்துக்குப் போனப்ப எடுத்தது," என்றாள் வசந்தாமணி.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மடியில் அவருடைய பழைய நோட்டு விரிந்திருந்தது. தேதி, கிலோமீட்டர், லிட்டர். எப்போது எடுத்தாள், எப்போதிலிருந்து தெரியும்? பொள்ளாச்சியிலிருந்து வாயைத் திறக்காமல் வந்தது இதற்குத்தானா?

"ஏசி போட்டு, சித்திங்க மூணு பேத்த ஏத்திட்டு, உங்க மாமன் தலதெறிக்க ஓட்டுனாரு. அதுக்கும் இதுக்கும் சேராதுடா. நாளைக்கு வர்ற சேலத்துக்காரரு நாப்பது வண்டியும் ஏசி இல்லாமயா ஓட்டறாரு? ஒரு மாசத்துல உன்ற ஷெட்டு வாசல்ல வந்து நிப்பாரு. பிளேட்டக் கழட்டிட்டு இதே மாதிரி இன்னொரு தடவ ஓட்டிப் பாத்தர்லாம். பழைய போல்ட்ட எடுத்துட்டு வா."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர், போனை அவள் வைத்த பிறகு.

"முப்பது வருசம் யாரு கூட இருக்கறேன்," என்றாள் அவள், எரிச்சலாக. "இதுல எனக்கொண்ணும் சந்தோசமில்லீங்க. நீங்க சொல்லுவீங்களா மாட்டீங்களான்னு பாத்துட்டிருந்தேன். சொல்லாமப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

நந்தகுமார் கால் மணியில் டிவிஎஸ்ஸில் வந்தான். கண் சிவந்திருந்தது. பானெட்டைத் தூக்கினான், இஞ்சின் ஆறும்வரை நின்றான், நாலு போல்ட்டையும் கழற்றிப் பிளேட்டைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றி டூல் பையில் வைத்தான். மாட்டும்போது இருந்த அதே சுத்தம் கழற்றும்போதும். வெள்ளியங்கிரிக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை. நீ வண்டியில ஏறுனா எடை கூடும், என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. நான் இறங்கிக்கறேன், கோயில்ல உக்காந்திருக்கறேன், அவனே வரட்டும், அவனே எழுதட்டும் என்று வசந்தாமணி நோட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தாள். அவன் அவளைவிட ஐந்தாறு கிலோ குறைவாக இருப்பான். பங்க்கில் ஒரு ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் கேட்டு வாங்கி அவன் காலடியில் வைத்தார். இதைப் பார்த்துப் பெட்ரோல் போடுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கட்டும். மணி ஒன்று, காலையைவிட வெயில் ஏறிவிட்டது, அதுவும் ஒரு வித்தியாசம்தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, அதையும் எழுதச் சொன்னார்.

இப்போது விசில் இல்லை. காலையெல்லாம் அதை எப்போது பிடுங்கி எறியலாம் என்றிருந்தவருக்கு அது இல்லாமல் ஏதோ ஒன்றை எங்கேயோ வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. காலை அழுத்தும்போதெல்லாம் காது அதைத் தேடியது. நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது, முள் ஐம்பதில், பக்கத்தில் நந்தகுமார் வேர்வை ஒழுக, நோட்டு நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மலுமிச்சம்பட்டி, ஒத்தக்கால்மண்டபம். ஓர் இடம் வந்ததும் வெள்ளியங்கிரி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தார். முள் நாற்பத்தைந்துக்கு இறங்கியது, அங்கேயே நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது, பொறுக்காமல் ஒடித்து முந்திப் போனது, கண்டக்டர் படியிலிருந்து கையை ஆட்டி என்னவோ திட்டினான். அதற்குப் பின்னால் ஒரு லாரி, அதுவும் அடித்தது.

"ஏனுங் மாமா, ரோடு காலியாத்தானே கெடக்குது?"

"காலைல இங்க ஒரு மட்ட டிராக்டர் இருந்துச்சு."

நந்தகுமார் வெறும் ரோட்டைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான், அக்காவின் கையெழுத்தில் டிராக்டர், ஆறு கிலோமீட்டர், நாற்பத்தைந்து என்று இருந்தது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவது வெள்ளியங்கிரிக்குப் பார்க்காமலே தெரிந்தது. இல்லாத டிராக்டருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு பேரும், உலகமே முந்திப் போக. முப்பது வருஷத்தில் எந்தத் தராசுக்கு முன்னால் நின்றபோதும் இது இந்தப் பக்கம் சாயட்டும் என்று அவர் நினைத்ததில்லை, மாமனார் கடையில்கூட. இப்போது நினைத்தார். பெட்ரோல் நாலு லிட்டர் குடிக்கட்டும், இந்த வண்டி பிளேட்டு இல்லாமல் ஓட மாட்டேன் என்று முரண்டு பிடிக்கட்டும், பதினைந்துக்கு மேல் ஏறாமல் போகட்டும், என் கணக்குத்தான் சரி, பிளேட்டும் சரி என்று ஆகட்டும். ஆகாது என்று தெரியும். வண்டி அலுங்காமல், சத்தமில்லாமல், காலையில் போனதுபோலவே போய்க்கொண்டிருந்தது.

"போதுங் மாமா," என்றான் நந்தகுமார். கையை நீட்டி ஏசி பொத்தான்மேல் விரலை வைத்தான். "நானும் பாட்டில்ல பெட்ரோல் அளந்து கட்டி ஓட்டிப் பாத்தேன், பிளேட்டோடயும் பிளேட்டில்லாமயும், பொங்கல் முடிஞ்சு. ரெண்டு தடவயும் ஒண்ணும் ஏறல. நீங்க பாத்தா வேற மாதிரி வருமோன்னு நெனச்சேன். போட்டுக்குங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு."

வெள்ளியங்கிரி அவன் கையைத் தட்டிவிட்டார். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார்.

"டிராக்டர் இன்னும் தோப்புக்குள்ள திரும்பல," என்றார். "கம்முனு எழுது."